எழுது மேசை வாங்கப் போகிறேன்: 30 அங்குலமா, 27 அங்குலமா?

காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். வீட்டில் எழுதுவதற்கென்றே ஒரு மேசை போடலாம் என்று இருக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். முதல் வரைவைக் கையால் காகிதத்தில்தான் எழுதுவேன். பிறகு லேப்டாப்பில் ஏற்றுவேன். பக்கத்தில் இரண்டு அகராதியாவது விரிந்து கிடக்கும். இதுவரை சாப்பாட்டு மேசையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி இலை போடும் நேரத்தில் எல்லாவற்றையும் அள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. தோள்பட்டை வலியும் சேர்ந்துகொண்டது.

அறை 10-க்கு 9 அடி. கிழக்கே ஜன்னல். என் உயரம் 5 அடி 2 அங்குலம். இடதுகைப் பழக்கம். 25 ஆயிரம் வரை செலவழிக்கலாம். தேக்கில் ஆசாரியை வைத்துச் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா? பழைய படங்களில் மூடியை உருட்டி இறக்கிப் பூட்டுவார்களே, அந்த மேசை மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அது ஏன் இப்போது எங்குமே கிடைப்பதில்லை?

நெல்லை தச்சு

அக்கா, மரம் எது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் உயரம்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை. மேசை என்று சொன்னதும் எந்த ஆசாரியும் 30 அங்குலத்தில்தான் காலை அறுப்பார். கடையில் விற்பதும் அநேகமாக 29, 30 அங்குலம்தான். உட்காருபவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் உயரத்துக்கு 30 அதிகம். தோள் வலிக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம், ஏனென்றால் சாப்பாட்டு மேசையும் அதே உயரம்தான்.

அளக்கிற முறை இது. நீங்கள் உட்காரப் போகும் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, முழங்கையின் அடியிலிருந்து தரை வரை வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த அளவுதான் தட்டச்சுக்கான உயரம். கையால் எழுத அதைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே இருந்தால் சுகமாக இருக்கும். அளந்து இங்கே போடுங்கள்.

அடையாறு வாசகன்

நெல்லையார் சொன்னதைத்தான் நானும் முதலில் சொல்வேன். நீங்கள் கேட்ட உருட்டு மூடி மேசைக்கு வருகிறேன். பழைய மரச்சாமான்களைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதால் எழுதுகிறோம் என்பதுதான் மேசையின் வடிவத்தை முடிவு செய்கிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலையில் எழுதியவருக்கு மேசையே தேவைப்படவில்லை. இடது கையில் ஓலை இருக்கும், அதே கையின் கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுக்கும். திண்ணையோ மரத்தடியோ, எங்கே உட்கார்ந்தாலும் எழுத்து நடக்கும். காகிதமும் மையும் வந்தபிறகுதான் அடியில் ஒரு பலகை வேண்டியதாயிற்று. அப்போது வந்ததுதான் கணக்குப்பிள்ளை மேசை: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதும் உயரம், சாய்வான மூடி, மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடும் பணமும். மண்டிக்கடைகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள்.

ஐரோப்பாவில் மடாலயங்களில் பிரதியெடுத்தவர்களின் பலகை இதைவிடச் செங்குத்தாக இருந்தது. இறகுப் பேனாவைத் தட்டையான பரப்பில் வைத்து எழுதினால் மை சட்டென்று இறங்கித் திட்டுத் திட்டாகப் போகும். பலகை சாய்ந்திருந்தால் பேனா படுத்த வாக்கில் இருக்கும், மை நிதானமாக வரும். வலக்கையில் இறகு, இடக்கையில் ஒரு சின்னக் கத்தி. அந்தக் கத்தி தோல்தாளை அழுத்திப் பிடிக்கவும், பிழை வந்தால் சுரண்டவும்.

சாய்வுப் பலகை பிறகு பெட்டியாகச் சுருங்கிப் பயணமும் போனது. 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை ஜெஃபர்சன் எழுதியது அப்படி ஒரு கையடக்கப் பெட்டி மேல்தான். அவரே வரைந்து கொடுத்த வடிவம். பிலடெல்பியாவில் பெஞ்சமின் ராண்டால்ஃப் என்ற தச்சர் செய்தது. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் எழுத்துப் பெட்டி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவ்வளவு சின்னப் பரப்பு போதுமானதாக இருந்திருக்கிறது அவருக்கு.

மூடி மேசையின் கதை அரண்மனையில் ஆரம்பிக்கிறது. பிரான்சில் மன்னர் பதினைந்தாம் லூயிக்காக 1760-இல் ழான்-பிரான்சுவா ஒபென் என்ற தச்சர் ஒரு மேசையைத் தொடங்கினார். அவர் இறந்துவிட, ரீஸ்னர் என்ற இன்னொரு தச்சர் அதை 1769-இல் முடித்தார். ஒரே ஒரு சாவித் திருப்பலில் மூடியும் எல்லா இழுப்பறைகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மைக்கூடுகளை மட்டும் வேலைக்காரர்கள் பக்கவாட்டிலிருந்து நிரப்பலாம், உள்ளே இருக்கும் கடிதங்களைப் பார்க்க முடியாது. இப்போதும் வெர்சாயில் இருக்கிறது. வேலையை அப்படியே விட்டுவிட்டு மூடியை இறக்கலாம், திரும்பி வந்து திறந்தால் விட்ட இடம் காத்திருக்கும். நீங்கள் ராத்திரி அள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் இதைச் சாதாரண அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பஃபலோ நகரத்து அப்னர் கட்லர். 1882-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே, 1874-இல், இண்டியானாபொலிஸ்காரர் வில்லியம் வூட்டன் அலமாரி போலவே இரண்டு கதவு விரியும் ஒரு மேசைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதில் 110 அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு என்று விளம்பரம் செய்தார்கள். அதிபர் கிராண்ட் ஒன்று வைத்திருந்தார்.

அது ஏன் அழிந்தது என்பதை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

கரூர் சுந்தரம்

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தாலுகா அலுவலகத்தில் இரும்பு மேசையில்தான் என் காலம் போனது. மேசைக்கு உயிரே டிராயர்தான் என்று நினைக்கிறேன். பூட்டுப் போட்ட டிராயர் ஒன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் பலகை. முத்திரை, மைப்பொதி, அவசரக் காகிதம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். எழுதுகிற பெண்ணுக்கு வீட்டில் தன்னுடையது என்று பூட்டி வைக்க ஓர் இடமாவது இருக்கட்டும். இரண்டு பக்கமும் மூன்று மூன்று டிராயர் வைத்து, நல்ல கனமான மேசையாகச் செய்துகொள்ளுங்கள் அம்மா.

பாதம்-முதுகு (இயன்முறை மருத்துவர், மதுரை)

சுந்தரம் ஐயா சொல்வதில் பூட்டு நியாயம். ஆனால் மேசையின் நடுவில், தொடைக்கு மேலே வரும் டிராயர் வேண்டவே வேண்டாம். அது 4 அங்குலத்தைத் தின்றுவிடும். அப்புறம் மேசையின் உயரத்தை இறக்கவே முடியாது, இறக்கினால் தொடை இடிக்கும். தோள்வலியோடு என்னிடம் வருகிறவர்கள் உட்காரும் மேசையைப் படம் எடுத்து வரச் சொல்வேன். நிறைய பேர் மேசை உயரமாக இருக்கிறதே என்று நாற்காலியை ஏற்றி வைத்து, கால் தொங்க உட்கார்ந்திருப்பார்கள். தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், கால் மரக்கும்.

கையால் எழுத லேசான சாய்வு மிகவும் நல்லது. அடையாறு வாசகன் மைக்காகச் சொன்னார், நான் கழுத்துக்காகச் சொல்கிறேன். 10 முதல் 15 டிகிரி போதும், தலை குனிவது கண்கூடாகக் குறையும். அதற்கு மேல் சாய்த்தால் காகிதம் வழுக்கும். ஆனால் மேசையையே சாய்வாகச் செய்யாதீர்கள். தட்டையான மேசை மேல் எடுத்து வைக்கிற சாய்வுப் பலகை போதும்.

லேப்டாப்புக்குத் தனி கீபோர்டு வாங்கிவிடுங்கள். திரை கண்மட்டத்துக்கு ஏறட்டும், கை கீழேயே இருக்கட்டும். ஒரே பெட்டியில் இரண்டும் சேர்ந்திருக்கும்வரை கழுத்துக்கோ கைக்கோ எதற்காவது ஒன்றுக்குக் கஷ்டம்தான்.

காவிரிக்கரை

அளந்தேன். முழங்கைக்கு 25 அங்குலம் வருகிறது. மகன் டேப் பிடித்தான். சாப்பாட்டு மேசை சரியாக 30. வித்தியாசம் 5 அங்குலம் என்று பார்த்ததும் எனக்கே திகைப்பாக இருந்தது.

சுந்தரம் ஐயா, பூட்டு விஷயம் மனதைத் தொட்டது. கண்டிப்பாக ஒன்று வைக்கிறேன்.

அடையாறு வாசகன்

விட்ட இடத்திலிருந்து.

வூட்டன் மேசையும் உருட்டு மூடியும் ஒரே ஓர் ஆள் தன் கடிதங்களைத் தானே கையால் எழுதி, மடித்து, குறிப்பெழுதிப் புறாக்கூண்டு போன்ற அறைகளில் செருகிவைத்த காலத்துக்கானவை. ரெமிங்டன் 1874-இல் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வூட்டன் காப்புரிமை வாங்கிய அதே வருடம்! தட்டச்சால் காகிதம் பெருகியது, ஒவ்வொன்றையும் மடித்துச் செருகிக்கொண்டிருக்க முடியாது. கார்பன் வைத்தால் பிரதி பெருகும். 1890களில் தாளை நிறுத்திவைக்கும் கோப்பு அலமாரிகள் வந்ததும் மேசைக்குள் இருந்த 110 அறைக்கும் வேலை இல்லாமல் போனது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் படித்தேன். மூடி போட்ட மேசைக்குள் குமாஸ்தா எந்தக் காகிதத்தை எத்தனை நாளாகத் தூங்க வைத்திருக்கிறார் என்று மேலாளருக்குத் தெரியாது. 1910களில் அலுவலக வேலையையும் தொழிற்சாலை போலக் கடிகாரம் வைத்து அளக்க ஆரம்பித்தார்கள். மேல்பரப்பு தட்டை, டிராயர் ஆழமில்லை, அறைகள் இல்லை என்று மேசை மாறியது. தீ பயத்தால் எஃகு மேசைகளும் சேர்ந்து வந்தன. 1915-இல் பாஸ்டன் சுங்கக் கட்டடத்துக்கு மட்டும் 200 எஃகு மேசைகள் போயின. சுந்தரம் ஐயாவின் தாலுகா அலுவலக மேசை அந்த வம்சம்தான்.

தட்டச்சு இன்னொன்றையும் மாற்றியது. பொறியின் விசைகள் மேசையை விட உயரத்தில் இருப்பதால், பொறி வைக்கும் மேசை 26, 27 அங்குலத்துக்கு இறங்கியது. நம் தட்டச்சுப் பயிலகங்களுக்கு லோயர், ஹையர் தேர்வுக்குப் போனவர்கள் அந்தக் குட்டை மேசையை மறந்திருக்க மாட்டார்கள். பிறகு கணினி வந்தது, குட்டை மேசையை வெளியே போட்டுவிட்டுக் கீபோர்டை 30 அங்குல எழுது மேசை மேல் வைத்துவிட்டோம். காவிரிக்கரையின் தோள்வலிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது என்றே நம்புகிறேன்.

யாழ் மைந்தன் (கொழும்பு)

நல்ல இழை. நானும் ஒண்டு சொல்லுறன். பழைய மேசை ஒண்டு வாங்கலாமோ எண்டு யாரும் யோசிச்சால், வடிவைப் பார்த்து மயங்க வேண்டாம். கொழும்பு புறக்கோட்டையில ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் இருக்கு. கருங்காலி, முதிரை, கலமந்தர் மரங்களில செய்த தளபாடங்கள் எண்டால் எங்கட நாட்டுக்குப் பெரிய பேர். பார்க்க அப்பிடி ஒரு அழகு. ஆனா பழைய மேசை கனக்கவற்றில முழங்கால் போக இடம் இராது. லாச்சி, அதுதான் டிராயர், முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கும், கதிரையைச் சரிச்சுப் போட்டுத்தான் இருக்க வேணும்.

பழசு வாங்கப் போறவை ஒரு அளவுநாடாவோட போங்கோ. தரையில இருந்து லாச்சியின்ர அடிப்பக்கம் வரைக்கும் 24 அங்குலமாவது இருக்க வேணும். அதோட எல்லா லாச்சியையும் முழுசா வெளியில இழுத்து, பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கோ. கறையான் அரிச்ச தடம் அங்கதான் தெரியும், முன்னால பொலிஷ் அடிச்சு மறைச்சிருப்பினம்.

அடையாறு வாசகன்

முழங்கால் இடம் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளை மாளிகையில் இருக்கும் அமெரிக்க அதிபரின் ரெசல்யூட் மேசை தெரியும்தானே. ரெசல்யூட் என்பது ஆர்க்டிக் பனியில் 1854-இல் கைவிடப்பட்ட ஒரு பிரிட்டிஷ் கப்பலின் பெயர். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர்கள் அந்தக் கப்பலை மிதக்கக் கண்டு மீட்டார்கள். அமெரிக்க அரசு செப்பனிட்டுத் திருப்பிக் கொடுத்தது. கப்பலை உடைத்தபிறகு அதன் மரத்தில் மேசை செய்து விக்டோரியா மகாராணி 1880-இல் அதிபர் ஹேய்ஸுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் ரீகன் வந்தபோது, உயரமான ஆள், முழங்கால் இடிக்கிறது என்று அடியில் 2 அங்குலம் பீடம் சேர்த்து உயர்த்தினார்கள். அந்த மேசைக்கே ஆளுக்குத் தக்கபடி காலை மாற்றினார்கள் என்றால், திருச்சியில் நம் வீட்டு மேசைக்கு ஏன் மாற்றக் கூடாது?

கோவை மென்பொறி

ஏற்றி இறக்கும் மோட்டார் மேசையை யாருமே சொல்லவில்லையே. நான் பயன்படுத்துகிறேன். எழுத 27, தட்டச்சுக்கு 25, நின்றால் 39 அங்குலம் என்று பொத்தானில் நினைவு வைத்துவிடலாம். உங்கள் இரட்டை வேலைக்கு இதுதான் சரி. நின்று வேலை செய்வது புதிதும் அல்ல, ஜெஃபர்சனிடமே நின்று எழுதும் மேசை இருந்தது. 1964-இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மரச்சாமான் நிறுவனம் கொண்டுவந்த ஆக்‌ஷன் ஆபீஸ் வரிசையிலும் நின்று எழுதும் மேசை உண்டு.

ஒன்று கவனியுங்கள். சில மாடல்கள் 28 அங்குலத்துக்குக் கீழே இறங்காது. "அதிகபட்சம் எவ்வளவு" என்று எல்லோரும் பார்ப்பார்கள், உங்களுக்கு முக்கியம் குறைந்தபட்சம்.

பாதம்-முதுகு

மோட்டார் மேசையை நான் மறுக்கவில்லை, ஆனால் நாள் முழுக்க நிற்பதும் உடம்புக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து வருகிற பழக்கம் எந்த மேசையிலும் சாத்தியம். கையெழுத்துக்கு ஆடாத மேசை வேண்டும். உயர்த்திய நிலையில் சில மோட்டார் மேசைகள் பேனா அழுத்தத்துக்கே ஆடுகின்றன. கடையில் கேட்டுப் பிரயோஜனமில்லை, ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

காவிரிக்கரை

எனக்கு ஆசாரி மேசைதான் என்று மனம் முடிவு செய்துவிட்டது. வீடு சொந்த வீடு, மாற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. உருட்டு மூடி செய்ய முடியுமா நெல்லை தம்பி? இன்னொன்று, எங்கள் அத்தை வடக்கு பார்த்தோ கிழக்கு பார்த்தோதான் எழுத உட்கார வேண்டும் என்கிறார்.

நெல்லை தச்சு

அத்தை சொல்கிறபடி வடக்கே பார்த்துப் போடுங்கள் அக்கா, உங்களுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. வலதுகைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிற கையின் நிழல் எழுத்து மேலேயே விழும். உங்களுக்கு அப்படியே மாற்று. வடக்கே பார்த்தால் கிழக்கு ஜன்னல் வலப்பக்கம் வரும், நிழல் வெளியே போய்விடும். நேராகக் கிழக்கே பார்த்தால் காலை வெயில் கண்ணில் அடிக்கும், திரையே தெரியாது.

உருட்டு மூடி செய்யலாம். மெல்லிய சட்டங்களை வரிசையாகக் கெட்டித் துணியில் ஒட்டி, இரண்டு பக்கமும் வெட்டிய காடியில் ஓடவிட வேண்டும். அய்யாமார் செய்திருக்கிறார்கள். ஆனால் வேலை அதிகம், ஐப்பசி மழையில் சட்டம் ஊதினால் இறுகிக்கொள்ளும். பின்னால் மூடி சுருண்டு போக ஒரு அடி ஆழம் போய்விடும், திரை மூக்குக்கு வந்துவிடும். உங்கள் பட்ஜெட்டில் எனக்கு அது சரியாகப் படவில்லை.

முழுத் தேக்கும் இந்தப் பணத்துக்கு இழுபறிதான். காலும் சட்டமும் தேக்கில் செய்யுங்கள். மேல்பலகை 25 மி.மீ. ப்ளைவுட், மேலே தேக்கு வெனீர். ப்ளைவுட்டில் ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும் தரம்) முத்திரையாவது இருக்க வேண்டும், ஐ.எஸ். 710 (மரைன் ப்ளைவுட்) இருந்தால் இன்னும் நல்லது. 18 மி.மீ. போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாலரை அடி நீளத்துக்கு அகராதி பாரத்தில் நடுவில் தொய்யும். முன் விளிம்பில் தேக்கு பீடிங் அடித்து நன்றாக உருட்டச் சொல்லுங்கள். கூரான விளிம்பில் முன்கை நாள் முழுக்க அழுந்தும்.

கரூர் சுந்தரம்

நடு டிராயர் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் சக்கரம் வைத்த தனி டிராயர் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தட்டும். மேல் டிராயருக்குப் பூட்டு. அதில் எனக்குச் சமரசம் இல்லை.

காவிரிக்கரை

இன்று எங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுத்த அளவு: நீளம் 4 அடி 6 அங்குலம், ஆழம் 28 அங்குலம், உயரம் 27. நடுவில் டிராயர் இல்லை. எழுதும்போது அப்படியே, தட்டச்சு செய்யும்போது நாற்காலியை 2 அங்குலம் ஏற்றிக் காலுக்கு ஒரு மணை. கணக்குப்பிள்ளை மேசையின் மூடி மாதிரி 12 டிகிரி சாய்வில் ஒரு பெட்டி, மூடியைத் தூக்கினால் உள்ளே அன்றைய காகிதம் எல்லாம் அப்படியே இருக்கும்படி. உருட்டு மூடி ஆசைக்கு அது போதும். சுந்தரம் ஐயாவின் பூட்டு டிராயர் வலப்பக்கம், எழுதுகிற இடக்கைப் பக்கம் காலியாக.

ஆசாரி 27-ஐப் பார்த்துவிட்டு "30-தானே போடணும்" என்று இரண்டு தடவை கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன்.

நெல்லை தச்சு

சந்தோஷம் அக்கா. காலை அறுக்கும்போது பக்கத்தில் இருங்கள், கை பழக்கத்தில் 30-க்குப் போய்விடும். தேக்கு காய்ந்த கட்டைதானா என்று கேளுங்கள், பச்சை மரம் என்றால் கோடையில் பொருத்து இளகும். நான்கு காலுக்கும் அடியில் நைலான் புஷ் அடிக்கச் சொல்லுங்கள். வீடு துடைக்கிற ஈரம் மரத்தில் ஏறாது.

யாழ் மைந்தன்

அந்தச் சாய்வுப் பெட்டியின்ர கீழ் விளிம்பில மெல்லிசா ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கோ அக்கா. பேனை உருண்டு கீழ விழாது.

காவிரிக்கரை

எழுதிக்கொண்டேன். பேனை வைக்க மேல் விளிம்பிலும் ஒரு பள்ளம் கேட்டிருக்கிறேன்.